நாலு கம்பிக்காரன்

மொத்தம் நாலு விநாடி. அதற்கு மேல் ஒரு இம்மிகூட இருக்காது. பதினாறு வருஷம் ஒரு கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவனுக்கு அந்த நாலு விநாடியை முழுசாக விட்டுக்கொடுக்கக் குழுவில் கூட இருந்தவர்களுக்கு மனசு வரவில்லை என்றால், அவர்களையெல்லாம் என்னவென்று சொல்வது? எல்லப்பனுக்கு இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வரும்.

நடந்தது 2007-ஆம் வருஷம், மாசி மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட். நாவலூரில் இருக்கும் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி தன் ஆண்டு விழாவை அங்கே வைத்திருந்தது. சாயங்காலம் ஆறரை மணிக்கு ‘ஜங்ஷன்’ குழுவின் ராக் கச்சேரி. செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஆரம்பித்த குழு என்பதால் அந்தப் பெயர். பாடுவதும் கிடார் வாசிப்பதும் ஸ்ரீவத்ஸன். டிரம்ஸ் ஜெகதீசன். பேஸ் கிடார், அதாவது நாலே நாலு தடித்த கம்பி உள்ள, அடித்தொண்டையில் பேசுகிற கிடார், எல்லப்பன். இந்த மூன்று பேரும் 1991-லிருந்து இருக்கிறார்கள். கீபோர்டுக்கு மட்டும் ஆள் நிலைக்கவில்லை. ஒருத்தன் துபாய் போனான், ஒருத்தன் கல்யாணம் பண்ணிக்கொண்டான், ஒருத்தன் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனான். இப்போது இருப்பவன் ஏழாவது ஆள், ஸ்ரீவத்ஸனின் அக்கா மகன் கிரிஷ். படூரில் ஃபிளாட், அதே நாவலூர் கம்பெனியில் வேலை. இந்தக் கச்சேரியைப் பிடித்துக் கொடுத்ததும் அவன்தான்.

மேடைக்கு இரண்டு பக்கமும் சென்னையிலிருந்து வந்த பேஸ் ஸ்பீக்கர் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. எல்லப்பன் அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தான். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட அவன் இவ்வளவு கூச்சத்தோடு பார்த்ததில்லை. இந்தப் பெட்டிகள் வரப்போகின்றன என்று போன வாரமே தெரியும். தெரிந்த அன்று ராத்திரியே நாலு கம்பிகளையும் கழற்றி, இட்லிக் குண்டானில் தண்ணீர் விட்டுக் கொதிக்கப் போட்டுவிட்டான். பழைய கம்பியில் ஏறிய வியர்வையும் அழுக்கும் கழன்று, புதுசு மாதிரிப் பேசும். அவன் மனைவி லோகநாயகி எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாய்யா இது, கம்பி ரசமா? நாளைக்கி இட்லிய எதுல ஊத்துவேன்?” என்று கத்தினாள். அப்புறம் அவளே அடுப்பைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள். “இந்த தபாவாவது நீ வாசிக்கிறது வெளிய கேக்குமா?” என்று கேட்டாள். கேட்கும் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தான்.

மூன்று மணிக்கு சவுண்ட் செக். கருவிகளின் சத்தத்தைச் சரிபார்க்க ஒரு பாட்டு வாசிக்க வேண்டும். ஸ்ரீவத்ஸன் ‘மணலாறு’ என்றான். வேறு எதைச் சொல்வான்? வறண்டு கிடக்கும் பாலாற்றைப் பற்றி அவன் எழுதி, 1993-இல் குழு மெட்டுப் போட்ட பாட்டு. ‘ஜங்ஷன்’ என்றாலே செங்கல்பட்டில் அந்தப் பாட்டுத்தான் பேர். அதிலும் ஓர் இடம் உண்டு. சரணம் முடிந்ததும் டிரம்ஸ், கிடார், கீபோர்டு எல்லாம் சட்டென்று நின்றுவிடும். நாலு விநாடி ஒன்றுமே இருக்காது. பிறகு ஸ்ரீவத்ஸனின் குரல் மட்டும் தனியாக எழும்பிவரும். கூட்டம் அந்த நாலு விநாடிக்காகவே காத்திருந்து விசிலடிக்கும்.

ஒன்றுமே இருக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தது ஊர். எல்லப்பனுக்கு அல்லவா தெரியும், அங்கே என்ன இருக்கிறதென்று!

அன்றைக்கும் சரணம் முடிந்தது. எல்லாம் நின்றது. எல்லப்பன் வழக்கம்போலக் கண்ணை மூடி, தாடையைக் கிடாரின் கட்டையில் வைத்து, விரலை மேல் கம்பியில் மெதுவாக இரண்டு படி கீழே இழுத்து, அங்கேயே நிறுத்தினான். பெட்டிகளிலிருந்து அந்தச் சுரம் வெளியே வந்தது. மேடைப் பலகை அதிர்ந்தது. ஓரத்தில் யாரோ வைத்திருந்த தண்ணீர் டம்ளர் நடுங்கியது. கடற்கரை மணலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த ஆட்கள் கையில் நாற்காலியோடு திரும்பிப் பார்த்தார்கள். எல்லப்பன் கண்ணைத் திறந்துவிட்டான். பதினாலு வருஷமாகத் தன் தாடை எலும்பு வழியாக மட்டுமே கேட்ட சத்தத்தை முதன்முதலாகக் காற்றில் கேட்டான். இவ்வளவு பெரிசாகவா இருந்தாய் என்றுதான் தோன்றியது.

“யாருடா அது? கேப்ல யாரு சத்தம் போடறது?”

ஸ்ரீவத்ஸன் கையைத் தூக்கி எல்லாவற்றையும் நிறுத்தினான். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சருக்குப் பின்னால் இருந்த, பெட்டிகளோடு வந்த சென்னைக்காரர் எல்லப்பனைக் கை காட்டினார்.

“எல்லப்பா, அங்க கேப்டா. அங்க யாரும் எதுவும் வாசிக்கப்படாது.”

“நான் எப்பவும் வாசிக்கிறதுதானடா.”

“எப்பவுமா? எப்பலேர்ந்து?”

“பாட்டு போட்ட நாள்லேர்ந்து.”

ஸ்ரீவத்ஸன் சிரித்தான். சாதாரணச் சிரிப்பில்லை, குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. மாமன் சிரித்ததால் கிரிஷும் சிரித்தான்.

“பதினாலு வருஷமா கேப்ல வாசிச்சிண்டிருந்தியா? நல்லவேளைடா, யாருக்கும் கேக்கல!”

நல்லவேளையாம். ஒரு மனிதன் பதினாலு வருஷம் வாசித்தது யார் காதிலும் விழாமல் போனது இவனுக்கு நல்லவேளை.

ஏன் விழவில்லை என்று கேட்டால் அது ஒரு தனிக் கதை. குழுவுக்கு வருஷத்தில் பாதிக் கச்சேரி ஆடி மாசத்து அம்மன் கோயில்களில்தான். திருக்கழுக்குன்றத்தைச் சுற்றி, பாலாற்றங்கரை ஊர்களில், ஒலிபெருக்கி கண்ணாயிரத்தோடது. கண்ணாயிரம் நல்ல மனுஷன், ஆனால் அவரிடம் இருந்ததெல்லாம் மரத்திலும் கம்பத்திலும் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர். குழாய் ஸ்பீக்கரில் மேல் சுரம் மூணு ஊருக்குக் கேட்கும். கீழ் சுரம் அதற்குள் நுழையவே நுழையாது. நுழைந்தால் உள்ளே இருக்கிற காயில் என்கிற கம்பிச்சுருள் எரிந்துவிடும் என்று கண்ணாயிரத்துக்குப் பயம். அதனால் கச்சேரி ஆரம்பிக்கும் முன்பே பேஸ் திருகைக் கடைசி வரை இடது பக்கம் திருகி, அதன்மேல் ஒரு துண்டு டேப்பும் ஒட்டிவிடுவார். “கோச்சுக்காத அண்ணாத்த, காயில் போச்சின்னா எனக்கு பேஜாரு” என்பார். எல்லப்பனின் வயர் மட்டும் ஒழுங்காகச் சொருகியிருக்கும். அவன் நாலு மணி நேரம் வாசிப்பான். ஆற்றங்கரை முழுக்க ஒரு சுரம்கூடப் போகாது.

சீசனில் மாமல்லபுரத்து ஓட்டல்களில் வெள்ளைக்காரர்களுக்கு வாசித்தார்களே, அங்கே? அங்கே இருந்தது கூரையில் பதித்த கையகல ஸ்பீக்கர். சாப்பாட்டுக்குப் போடுகிற மெல்லிய இசைக்கு வாங்கியது. ஒத்திகையில்? ஒத்திகை ஜெகதீசனின் மினி லாரி நிற்கிற தகரக் கொட்டகையில். இருந்த ஒரே ஆம்பிளிஃபயர் ஸ்ரீவத்ஸனுக்கு. எல்லப்பன் தன் கிடாரைப் பழைய வால்வு ரேடியோ ஒன்றில் சொருகிக்கொள்வான். அது ‘கொர்’ரென்று ஏதோ சொல்லும். அதையும் கேட்கவிடாமல், அந்த நாலு விநாடி வந்ததும் ஸ்ரீவத்ஸன் பேச ஆரம்பித்துவிடுவான். “இங்க லைட் ஆஃப் ஆகணும், அப்புறம் எம்மேல மட்டும் ஒரு ஸ்பாட்” என்று. ஒவ்வொரு ஒத்திகையிலும். ஒன்று விடாமல்.

ஒரு கேசட் போட்டார்கள், 1996-இல். அதிலாவது இருக்கும் என்று நினைப்பீர்கள். அந்தக் கேசட்டே கண்ணாயிரத்தின் மிக்சரிலிருந்து பதிவு பண்ணினதுதான். இடது பக்கம் திருகிய திருகு, அதன்மேல் டேப்.

இதையெல்லாம் எல்லப்பன் பொறுத்துக்கொண்டான் என்றால் அதற்கு ஒரே காரணம் ஸ்ரீவத்ஸன் சொன்ன ஒரு வார்த்தை. பாட்டு போட்ட புதிதில், ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் நின்றுகொண்டு எல்லப்பன் கேட்டான்: “மச்சான், சரணம் முடியற எடத்துல ஒண்ணு போட்டுகீறேன், கவனிச்சியா?” ஸ்ரீவத்ஸன் டீயை உறிஞ்சிக்கொண்டே, “சூப்பர்டா” என்றான். அந்த ஒரு சூப்பரை வைத்துக்கொண்டு பதினாலு வருஷம் ஓட்டிவிட்டான் எல்லப்பன். ஊருக்குக் கேட்காவிட்டால் என்ன, பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியுமே. ஜி.எஸ்.டி. சாலையில் லேத் பட்டறையில் பகலெல்லாம் இரும்பைக் கடைந்துகொண்டிருக்கும்போது, மெஷினின் இரைச்சலுக்கு நடுவே அந்தச் சுரத்தை மனசுக்குள் வாசித்துப் பார்ப்பான். இது நம்முடையது, இது ஸ்ரீவத்ஸனுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்வான்.

தெரியவே தெரியாது! டீ ருசியில் சொன்ன சூப்பர் அது. இரண்டடி தள்ளி நின்றவன் ஒரு நாள்கூடக் காதைக் கொடுக்கவில்லை. போன பொங்கலுக்கு ஒரு வாரப் பத்திரிகையில் அரைப் பக்கம் போட்டிருந்தார்கள். படத்தில் எல்லப்பன் முழங்கையோடு வெட்டுப்பட்டிருந்தான். அது போகட்டும். கீழே ஸ்ரீவத்ஸன் சொல்லியிருந்தான்: ‘அந்த மௌனம்தான் மணலாறு பாட்டோட உயிர். அதை கம்போஸ் பண்ண எனக்கு மூணு மாசம் ஆச்சு.’ அதையும் எல்லப்பன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்திரிகைக்காரனுக்கு விளங்கச் சொல்ல முடியாமல் மௌனம் என்று சொல்லியிருப்பான் என்று இவனாகவே ஒரு சமாதானம் வைத்திருந்தான். இப்போது மேடையில் நின்றுகொண்டு அந்தச் சமாதானத்தை நினைத்தால் வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்த வேகத்தில் கோபமும் வந்தது.

“மச்சான், அது தப்பு இல்ல. அது நான் போட்டது. உன்னாண்ட சொல்லிட்டுத்தான் போட்டேன்” என்றான்.

“எனக்கு ஞாபகமே இல்லடா. இன்னிக்கு கம்பெனி ஆளுங்க அத்தனை பேரும் வரா. கேப்ல ‘டொய்ங்’னு ஒண்ணு கேட்டா கரண்ட் கோளாறுன்னு நெனைச்சுப்பா.”

கிரிஷ் கீபோர்டுக்குப் பின்னாலிருந்து, “மாமா, பேஸ் மொத்தமும் லேப்டாப்ல போட்டு வெச்சிருக்கேன், ஒரு சேஃப்டிக்கு. கேப்லாம் கரெக்டா இருக்கும்” என்றான். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. கெட்ட எண்ணம் இல்லாமல் செய்கிறவனை என்னவென்று திட்டுவது? அதுதான் இன்னும் எரிச்சல்.

“அப்ப அதையே விடு” என்றான் ஸ்ரீவத்ஸன். “எல்லப்பா, நீ கிடாரை மாட்டிண்டு நில்லு, போதும். ஸ்டேஜ் காலியா தெரியக்கூடாது.”

“வயரு சொருவாமயா?”

“சொருகினா என்ன, சொருகாட்டி என்ன? இத்தனை நாளும் அப்படித்தானேடா?”

எல்லப்பன் தோளிலிருந்து வாரைக் கழற்றினான். “அந்த ஒரு எடம் வாசிக்க வுட்டா நான் மேடை ஏறுவேன். மத்ததெல்லாம் லேப்டாப்புலயே வெச்சிக்க, எனக்கு இன்னா. அந்த நாலு விநாடி நான்தான் வாசிக்கணும். இல்லாங்காட்டி எறங்கிடுவேன்.”

“அந்த கேப் என்னோடதுடா. அதுல நீ வாசிக்கிறேன்னு நின்னா எப்படி?” ஸ்ரீவத்ஸனுக்கும் குரல் ஏறியது. “நிக்கறதுன்னா நில்லு. போறதுன்னா போ. கிரிஷ் பார்த்துப்பான்.”

பதினாறு வருஷக் கணக்கை இதைவிடச் சுருக்கமாக யாரும் முடித்திருக்க முடியாது.

மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லப்பன் கிடாரை உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது ஜெகதீசன் வந்தான். இரண்டு கப் டீ, ஒரு காகிதத்தில் நாலு சமோசா. ஜெகதீசன் அதிகம் பேசமாட்டான். பகலில் மினி லாரி ஓட்டுகிறவன், ராத்திரியில் டிரம்ஸ். இரண்டிலும் வாய்க்கு வேலை கிடையாது.

“நாஸ்தா துன்னு” என்றான்.

“வேணாம்.”

“வேணாம்னா போ.” அவனே ஒரு சமோசாவைக் கடித்தான்.

எல்லப்பன் அவன்மேல் பாய்ந்தான். யார்மேலாவது பாய வேண்டியிருந்தது. “நீயும் பக்கத்துலதானடா குந்திகினு இருந்த? பதினாறு வருசம்! உன் காதுலகூட வுழலயா? ஒருத்தன், ஒரே ஒருத்தன் கேட்டிருந்தா போதுமேடா எனக்கு!”

“கேக்கல” என்றான் ஜெகதீசன். “எப்பிடிக் கேக்கும்? கண்ணாயிரந்தான் திருகி வுட்டுட்றாரே.”

“பாத்தியா!”

“கேக்கலன்னுதான் சொன்னேன். பாக்கலன்னு சொன்னனா?”

எல்லப்பன் நிமிர்ந்தான்.

“நான் உன் வெரலப் பாத்துத்தான் அடிக்கிறேன்” என்றான் ஜெகதீசன், கையிலிருந்த எண்ணெயை லுங்கியில் துடைக்கிற பழக்கத்தில் பேண்டிலேயே துடைத்துக்கொண்டு. “மொதல் வருசத்துலேர்ந்து அப்பிடித்தான். ஸ்பீக்கர்ல உன்து கேக்காது, ஸ்ரீவத்ஸன்து ஒண்ணுதான் கேக்கும், அவனோ பாட்டு சூடு ஏறினா ஓடுவான். அத நம்பினா நான் எங்க போறது? உன் வெரல் எங்க வுழுதோ அங்க என் காலு வுழும். அந்த மணலாறு பாட்டு மொத மொத கோயில்ல வாசிச்சோமே, ஆத்தங்கரையில, ஞாபகம் கீதா? சரணம் முடியறப்ப உன்னப் பாத்தேன். கண்ண மூடிகினு, மோவாக்கட்டைய கிடாருமேல வெச்சிகினு, ஒரே ஒரு வெரல மெதுவா கீழ எறக்கிகினு போற. இவன் இன்னாமோ சொல்றான்னு தோணிச்சி. நாம ஏன் நடுவுல பூந்து கத்தணும்னு அடிக்கிறத நிறுத்திட்டேன். நான் நிறுத்தின ஒடனே அவனுக்கு ஒண்ணும் புரியல, அவனும் நிறுத்திட்டான். ஜனம் விசிலடிச்சிச்சி. அப்பாலேர்ந்து அது அப்பிடியே ஓடிகினு கீது.”

எல்லப்பன் கிடார் உறையைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பி உட்கார்ந்தான்.

“அவன் சொல்லி நீ நிறுத்துறன்னுதானடா நான் நெனச்சிகினு இருந்தேன்.”

“அவனா? அவன் இன்னா சொன்னான்? ஒண்ணும் சொல்லல.”

“அப்ப நீ ஏன்டா வாயத் தொறக்கல? பேப்பர்ல போட்டானே, மூணு மாசம் ஆச்சின்னு!”

“யாரு கேட்டாங்க?” என்றான் ஜெகதீசன். “நீயும்தான் கேக்கல. அந்த எடம் வந்தா நீ கண்ண மூடிக்கிற. ஒரு தபா தொறந்து பின்னாடி பாத்திருந்தீன்னா தெரிஞ்சிருக்கும்.”

அது சுரீரென்று இறங்கியது. தன்னை யாரும் கேட்கவில்லை என்று பதினாலு வருஷம் உள்ளுக்குள் குமைந்தவன், தனக்காக ஒருத்தன் ஒவ்வொரு கச்சேரியிலும் இரண்டு குச்சியையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்ததைக் கவனிக்கவில்லை. ஆற்றங்கரையில், ஓட்டலில், தகரக் கொட்டகையில். எத்தனை தடவை இருக்கும்! எல்லப்பனுக்கு ஸ்ரீவத்ஸன்மேல் இருந்த கோபம் ஒரு நிமிஷம் நிற்க இடமில்லாமல் தடுமாறியது. பிறகு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. இரண்டு பேர் சேர்ந்து செய்ததை ஒருத்தன் தன்னுடையது என்று அச்சில் போட்டுக்கொண்டான். போட்டுக்கொண்டவன் அது என்னவென்று கேட்டதுகூட இல்லை. இப்போது அதையே காரணமாக்கி, செய்தவனை மேடையை விட்டு இறங்கு என்கிறான்.

“போறியா?” என்றான் ஜெகதீசன்.

“போறேன். மரம் மாதிரி நிக்கச் சொல்றான்டா.”

“போ, போ. நானு ஒத்துகினு வந்துட்டேன், வாசிச்சிட்டுத்தான் வரணும்.” மிச்ச சமோசாவை மடித்து எல்லப்பனின் கிடார் உறைப் பையில் திணித்தான். “பஸ்ஸுல துன்னு.”

எல்லப்பன் உடனே போகவில்லை. ரிசார்ட்டுக்கு வெளியே கடற்கரைச் சாலையில், பஸ் நிறுத்தத்துக் கல் பெஞ்சில் கிடாரை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு பஸ் வந்து போயிற்று. அந்தப் பாட்டு முடியாமல் கிளம்பக் கால் வரவில்லை. அவனில்லாமல் அது எப்படி இருக்கும் என்று கேட்டுவிட வேண்டும். கேட்டு இன்னும் கொஞ்சம் எரிய வேண்டும் போலிருந்தது.

ஆறரைக்கு ஆரம்பித்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து லேப்டாப் பேஸ் சாலை வரை வந்தது. பிசிறில்லாமல் இருந்தது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். லேத்தில் நூல் பிடித்துக் கடைந்த மாதிரி அளவாக இருந்தது. ஆனால் யாருடைய கையும் அதில் இல்லை. நாலாவது பாட்டு மணலாறு. கம்பெனி ஆட்கள் கேட்ட மாத்திரத்தில் கத்தினார்கள். முதல் பல்லவி போனது. சரணம் வந்தது. எல்லப்பன் எழுந்து நின்றுவிட்டான். தன்னையறியாமல் இடது கை விரல்கள் கிடார் உறையின் கழுத்தைப் பிடித்தன.

சரணம் முடிந்தது. லேப்டாப் நின்றது. கிடார் நின்றது. டிரம்ஸ் நிற்கவில்லை.

ஜெகதீசன் அடித்துக்கொண்டே போனான். முன்பிருந்த அதே தாளம், அதே வேகம், சாலையில் லாரி ஓட்டுகிறவன் மாதிரி நேராக, எந்த இடத்திலும் பிரேக் போடாமல். நாலு விநாடியும் அடி அடியாக நிரம்பிப் போயிற்று. மௌனம் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. தனியாக எழும்ப வேண்டிய ஸ்ரீவத்ஸனின் குரல் தாளத்துக்கு நடுவே எங்கே நுழைவதென்று தெரியாமல் ஒரு தடவை வந்தது, பின்வாங்கியது, மறுபடி வந்து, ஒன்றரை அடி தள்ளி மோதியது. கிரிஷின் கீபோர்டு ஒரு பக்கம் போக, பாட்டு ஒரு பக்கம் போயிற்று. விசில் எதுவும் வரவில்லை. எப்படியோ இழுத்துப் பிடித்துப் பல்லவியை முடித்தார்கள். ஒப்புக்குக் கைதட்டினார்கள்.

எல்லப்பன் சாலையோரத்தில் நின்றபடியே இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். சந்தோஷம்தான். கூடவே ஒரு பயம். எல்லப்பன் இல்லாத இடத்தில் காலி விட முடியாது என்று ஒருத்தன் அத்தனை பேருக்கு முன்னால் அடித்துச் சொல்லிவிட்டான். அவனுக்கு நாளைக்கு என்ன ஆகுமோ.

வெகுநேரம் கழித்து வந்த பஸ்ஸில் போய் மாமல்லபுரத்தில் இறங்கி, செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தபோது செல்போன் அடித்தது. ஸ்ரீவத்ஸன். எடுக்க வேண்டாம் என்றுதான் நினைத்தான். எடுத்தான்.

“என்னடா சொன்ன ஜெகாகிட்ட?” ஸ்ரீவத்ஸன் இரைந்தான். “பாட்டைக் கொலை பண்ணிட்டான்டா! கேப்ல நிறுத்தவே இல்லை! பதினாலு வருஷமா நிறுத்தற இடம்! கேட்டா, ‘அவன் இல்ல, நான் எதுக்கு நிறுத்தணும்’ங்கறான். என்னடா அர்த்தம் அதுக்கு? என் பாட்டுல எங்க நிறுத்தணும்னு நான்தானே சொல்லணும்?”

“சொன்னியா?” என்றான் எல்லப்பன்.

“என்ன சொன்னியா?”

“அங்க நிறுத்துன்னு நீ ஜெகதீசனாண்ட சொன்னியா? எப்ப சொன்ன, எந்த ஊர்ல சொன்ன? நல்லா யோசிச்சி சொல்லு. அவசரம் ஒண்ணும் இல்ல.”

ஸ்ரீவத்ஸன் வாயெடுத்தான். “அது நாம கொட்டகைல…” என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான். “இல்ல, அந்த ஆத்தங்கரைக் கோயில்ல…” என்றான். அங்கேயும் நின்றுவிட்டான். எங்கேயோ பின்னால் கம்பெனி ஆட்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“எல்லப்பா” என்றான் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. “நான் சொல்லலையாடா? அப்ப அங்க நீ என்னதான் வாசிச்சிண்டிருந்த?”

பதினாலு வருஷம் கழித்து வந்து கேட்கிறான். பஸ் கிளம்பிவிட்டது. எல்லப்பன் பதில் சொல்லவில்லை, போனை அணைக்கவும் இல்லை. அந்தப் பக்கம் ஸ்ரீவத்ஸன் பேசாமல் காத்துக்கொண்டிருந்தான், ஒரு வார்த்தை குறுக்கே விடாமல். காத்திருக்கட்டும். எல்லப்பன் போனை அப்படியே மடியில், கிடார்மேல் வைத்துவிட்டு, கண்டக்டரிடம் செங்கல்பட்டுக்கு ஒரு டிக்கெட் கேட்டான்.